கதவுக்குக் கதவு நிறம் மாறாமல் ஸ்பிரே பாலிஷ் போடுவது

வார்ட்ரோப், டிவி யூனிட், பூஜை அறைக் கதவு என்று எந்த வேலையாக இருந்தாலும், பாலிஷ் முடிந்த அன்று வீட்டுக்காரர்கள் செய்யும் முதல் காரியம் ஒன்றுதான். நாலு எட்டு பின்னால் போய் நின்று எல்லாக் கதவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆறு கதவில் ஒன்று மட்டும் லேசாகக் கறுத்திருந்தாலும் கண் நேராக அங்கே போய் நிற்கும். பளபளப்பு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், கை வைத்தால் வழுக்கினாலும், அந்த ஒரு கதவுதான் பேச்சாகிவிடும். அது நியாயமான பார்வைதான். காசு போட்டு வெனீர் (மரத்தை மெல்லியதாகச் சீவிய இதழ்) ஒட்டுகிறவர் தினமும் காலையில் எழுந்து பார்க்கப்போவது அந்த நிறத்தைத்தானே.

மதுரையில் சின்னதாக ஒரு பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டு வேலை, கடை வேலை, பழைய சாமான் புதுப்பிப்பது என்று எல்லாம் வரும். நிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். வேலை கற்க வரும் தம்பிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே விரிவாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் தொழில் கற்றது தாய்மாமாவிடம். அவர் காலத்துப் பாலிஷ் வேறு. அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து உருண்டையாக்கி, தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிறம் ஏறிவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்துக் குறைத்துவிடுவார். துணிக்கு நிறத்தைக் கொடுக்கவும் தெரியும், எடுக்கவும் தெரியும். ஸ்பிரே கன்னுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். கன் வந்த பிறகு வேலை வேகமானது, பரப்பு வழவழப்பானது, எல்லாம் உண்மை. ஆனால் கை ஒரு நொடி தயங்கி நின்றால் அந்த ஒரு நொடியின் நிறமும் அங்கேயே தங்கிவிடுகிறது.

அதனால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நிறம் எங்கே உட்காருகிறது என்பது. ஸ்டெயினை, அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் திரவத்தை, நேராக மரத்தில் அடித்தால் நிறம் மரத்துக்குள் போய் உட்காரும். மரத்தின் துளைகளை அடைக்கும் சீலரிலோ, கடைசி மேல்பூச்சான டாப் கோட்டிலோ டின்ட் என்னும் நிறத்தைக் கலந்து அடித்தால் நிறம் மரத்துக்கு மேல் இருக்கும் படலத்தில் உட்காரும். மரத்துக்குள் போன நிறம், மரம் எவ்வளவு குடிக்கிறதோ அதற்கு ஏற்ப மாறும். படலத்தில் இருக்கும் நிறம், படலம் எவ்வளவு தடிமனோ அதற்கு ஏற்ப மாறும். கலர் கண்ணாடித்தாளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நிறம் கூடுகிறதே, அதே கதைதான். ஒரு இழுப்பின் ஓரம் அடுத்த இழுப்பின் மேல் கூடுதலாக ஏறினால் அங்கே ஒரு கறுப்புப் பட்டை.

அவசர வேலைக்காரர்கள் பலர் ஸ்டெயின் போடும் வேலையை விட்டுவிட்டு, மொத்த நிறத்தையும் டாப் கோட்டில் கலந்து ஒரே மூச்சில் அடித்துவிடுகிறார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் மொத்த நிறமும் படலத்தில் இருக்கும்போது, கையின் ஒவ்வொரு தடுமாற்றமும் அப்படியே கதவில் எழுதப்படுகிறது. பிறகு எங்காவது சாவி உரசி மேல்பூச்சு பெயர்ந்தால் உள்ளே வெள்ளை மரம் பல்லைக் காட்டும். என் கொள்கை, நிறத்தை இரண்டாகப் பிரிப்பது. முக்கால்வாசி நிறத்தை மரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீதிக் கால்வாசியை, டோனராக, அதாவது நிறம் கலந்த மெல்லிய பூச்சாக, சீலருக்கு மேலே கொடுக்க வேண்டும். அந்தக் கால்வாசிதான் கதவுக்குக் கதவு இருக்கும் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் இடம்.

சரி, அதற்கு முன்னால் மரத்தைப் பார்ப்போம். திட்டுத் திட்டாக வருவதில் பாதிக்கு மேல் கன் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

வெனீரில் பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. வெனீர் இதழ்களைப் புத்தகம் விரிப்பதுபோல் ஒன்று விட்டு ஒன்று திருப்பி ஒட்டியிருப்பார்கள். புக் மேட்ச் என்பார்கள். ரேகை இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி அழகாகச் சேரும். ஆனால் கத்தியால் சீவிய இதழுக்கு இரண்டு முகம். கத்தி பட்ட பக்கம் நுண்ணிய வெடிப்புகளோடு தளர்வாக இருக்கும், மறுபக்கம் இறுக்கமாக இருக்கும். திருப்பி ஒட்டும்போது ஒரு இதழில் இறுக்கமான முகமும் அடுத்ததில் தளர்ந்த முகமும் மேலே வரும். தளர்ந்த முகம் ஸ்டெயினைக் கூடுதலாகக் குடிக்கும். ரேகையின் சாய்வும் எதிரெதிராக இருப்பதால் வெளிச்சமும் வேறு வேறாகத் திரும்பும். விளைவு, ஒரு பட்டை வெளிச்சம், ஒரு பட்டை இருட்டு. நீங்கள் இடது பக்கம் நடந்து போய்ப் பார்த்தால் வெளிச்சப் பட்டை இருட்டாகும், இருட்டு வெளிச்சமாகும். அப்படி இடம் மாறினால் அது வெளிச்சத்தின் வேலை, எந்தப் பாலிஷாலும் அதை முழுதாக மறைக்க முடியாது. எங்கே நின்று பார்த்தாலும் ஒரே பட்டை கறுப்பாக இருந்தால் அது ஸ்டெயின் கூடுதலாக ஏறியது, அதைச் சரிசெய்ய வழி உண்டு. வீட்டுக்காரரிடம் இதை வெனீர் எடுக்கும் கட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சீரான நிறம்தான் முக்கியம் என்றால், இதழைத் திருப்பாமல் ஒரே முகமாக வரிசையாக ஒட்டிய வெனீரை எடுக்கச் சொல்வேன். ரேகை கண்ணாடி போல் சேராது, ஆனால் நிறம் அடங்கி நிற்கும்.

கட்டை மரத்தில் நடுமரமான வைரமும் ஓரத்து வெள்ளையும்தான் தலைவலி. தேக்கில் வைரம் பொன்னும் பழுப்புமாக இருக்கும், ஓரத்து வெள்ளைப் பகுதி வெளிறி இருக்கும். ஆசாரி மரத்தை மிச்சம் பிடிக்க வெள்ளையையும் சேர்த்து ஒரு சட்டத்தில் போட்டுவிட்டால், மொத்தச் சட்டத்துக்கும் ஒரே ஸ்டெயின் அடித்துப் பயனில்லை. வித்தியாசம் அப்படியே இன்னும் அழுத்தமாகத் தெரியும். அந்த வெள்ளைப் பகுதிக்கு மட்டும் முதலில் நீர்த்த ஸ்டெயினைக் கன்னின் ஃபேனை (விசிறி போல் விரியும் தெளிப்பை) நன்றாகக் குறுக்கி, ரேகையோடு லேசாக அடித்து, வைரத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அது காய்ந்த பிறகுதான் மொத்தத்துக்கும் ஸ்டெயின். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

தேக்கைப் பற்றி இன்னொன்று. இழைத்த அன்றைக்குத் தேக்கு பார்க்கவே சகிக்காது. பச்சையும் கறுப்புமாகத் திட்டுகள் இருக்கும். இதைப் பார்த்துப் பயந்து உடனே அடர் நிறம் போட்டு மறைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் அந்தத் திட்டுகள் தானாக மங்கி, மரம் முழுவதும் ஒரு பொன் பழுப்புக்கு வந்து சேரும். அதனால் முடிந்தவரை கதவுகளைச் சில நாள் வெளிச்சம் படும்படி பரப்பி வைப்பேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கக் கூடாது. பாதி மறைந்த கதவில் மறைந்த பகுதி ஒரு நிறமும் வெளிச்சம் பட்ட பகுதி ஒரு நிறமுமாக நேர்கோட்டில் பிரிந்துவிடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஸ்டெயினுக்குச் சற்று முன் தின்னர் தொட்ட சுத்தமான துணியால் ஒரு முறை துடைத்துவிடுவதும் அவசியம்.

ரப்பர் மரம், பைன் இரண்டும் வேறு வகை. இவை ஓரிடத்தில் நிறத்தை மடக் மடக் என்று குடிக்கும், பக்கத்திலேயே குடிக்க மறுக்கும். இவற்றுக்கு நேரடியாக ஸ்டெயின் போடுவது வேண்டாம். சீலரை ஒன்றுக்கு ஐந்தாறு பங்கு தின்னர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து ஒரு மெல்லிய கோட் அடித்து, காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) லேசாகத் தடவிவிட்டு, அப்புறம் ஸ்டெயின். குடிக்கும் இடங்களின் வாயை அது பாதி அடைத்துவிடும். நிறம் கொஞ்சம் குறைவாக ஏறும், ஆனால் எல்லா இடத்திலும் குறைவாக ஏறும்.

உப்புத்தாளுக்கு வருவோம். நிறத்தைத் தீர்மானிப்பதில் அதற்கு இருக்கும் பங்கைப் பெரும்பாலானோர் மதிப்பதில்லை. 120 போடும் கீறல் ஆழமானது, அதில் ஸ்டெயினின் நிறத்தூள் தேங்கி நிற்கும், மரம் கறுத்துத் தெரியும். 240 வரை தேய்த்த இடம் வெளிறி இருக்கும். ஒரே அலமாரியில் கதவை மெஷினில் 180 வைத்தும், பீடிங்கை (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய சட்டத்தை) கையால் 120 வைத்தும் தேய்த்தால், ஒரே டப்பா ஸ்டெயினில் இரண்டு நிறம் வருவதில் ஆச்சரியம் என்ன? நான் 120, 180, 220 என்று வரிசையாகப் போய் எல்லாத் துண்டுகளையும் ஒரே எண்ணில் நிறுத்துவேன். மெஷின் போட்ட வட்டக் கீறலை, கடைசியாகக் கையால் ரேகையோடு ஒரு முறை இழுத்து அழிக்க வேண்டும். வெட்டு முகம் மட்டும் விதிவிலக்கு. சட்டத்தின் முனையில் மரத்தின் குழாய்கள் வாய் திறந்து நிற்கும், அங்கே ஸ்டெயின் உறிஞ்சிக்கொண்டே போகும். அந்த முனைகளை 320 வரை கொண்டுபோனால்தான் மற்ற இடத்தோடு ஒத்துவரும்.

தேய்த்து முடித்த பிறகு, ஈரத் தின்னர் துணியால் துடைத்து, பக்கவாட்டில் ஒரு டார்ச் லைட்டை வைத்துப் பாருங்கள். ஸ்டெயின் அடித்தால் எப்படித் தெரியுமோ கிட்டத்தட்ட அப்படியே தெரியும். லிப்பிங் (பலகையின் விளிம்பை மூடும் மரப்பட்டி) ஒட்டிய இடத்தில் வழிந்த பசை, வெளிறிய தீற்றலாக எட்டிப் பார்க்கும். பசை இருக்கும் இடத்தில் எந்த ஸ்டெயினும் இறங்காது. ஆசாரி ஈரத்துணியால் பசையைத் துடைத்திருந்தால், அது இன்னும் மெல்லியதாகப் பரவி, சாதாரணக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். தின்னர் காய்வதற்குள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, பிளேடால் சுரண்டி மறுபடி தேய்க்க வேண்டும். இதே சமயத்தில் உப்புத்தாளில் வெனீர் தேய்ந்து அடிப்பலகை தெரியும் இடம் இருந்தாலும் பிடிபடும்.

அடுத்தது சாம்பிள். போனில் படத்தைக் காட்டி "இந்த நிறம்தான் வேண்டும்" என்று கேட்பவர்கள்தான் இப்போது அதிகம். ஒவ்வொரு போனிலும் அந்தப் படம் ஒவ்வொரு நிறம். அந்த வேலைக்கு வாங்கிய அதே வெனீரின் மிச்சத் துண்டில், அதே உப்புத்தாள், அதே ஸ்டெயின், சீலர், டோனர், டாப் கோட் என்று கடைசிக் கோட் வரை போட்டுத்தான் சாம்பிள் காட்ட வேண்டும். வெறும் ஸ்டெயின் மட்டும் போட்ட துண்டைக் காட்டி சம்மதம் வாங்கினால், டாப் கோட் ஏறியதும் நிறம் ஆழமாகி, "நான் சொன்னது இது இல்லையே" என்று புகார் வந்து நிற்கும். துண்டை மூன்றாக அறுத்து, ஒன்று அவர்களிடம், ஒன்று பட்டறைச் சுவரில், ஒன்று வேலை நடக்கும் இடத்தில். பின்பக்கத்தில் கலவை அளவை மார்க்கரால் எழுதி வைப்பேன்.

இதில் விளக்கு வெளிச்சத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. திருநகரில் ஒரு வீட்டில் வார்ட்ரோப் மாட்டியதும் அந்த வீட்டு அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, பட்டறையில பார்த்தப்ப தேன் நிறமா இருந்துச்சு, இங்க காப்பிக் கலராத் தெரியுதே?" பட்டறையில் பகல் வெளிச்சம், அவர்கள் படுக்கையறையில் மஞ்சள் எல்ஈடி. நான் சாம்பிள் துண்டை எடுத்து வரச் சொல்லி, கதவோடு ஒட்டி வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. "சரிப்பா, லைட்டுதான் காரணம்" என்று அவரே சொன்னார். அதிலிருந்து எந்த வேலையாக இருந்தாலும், சாம்பிளை அது நிற்கப்போகும் அறையிலேயே, பகலில் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டெயின் கலக்கும்போது, மொத்த வேலைக்கும் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரே வாளியில் கலந்துகொள்ள வேண்டும். ஒரே நிறம், ஒரே எண் என்று வாங்கினாலும் டப்பாவுக்கு டப்பா சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். எல்லா டப்பாவையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை. தூள் நிறம் கலந்த ஸ்டெயின் கப்பின் அடியில் படிந்துகொண்டே இருக்கும். முதல் கதவு வெளிறியும் கடைசிக் கதவு கறுத்தும் வருவதற்கு இதுதான் பல இடங்களில் காரணம். ஒவ்வொரு கதவுக்கும் நடுவில் கன்னை ஒரு சுழற்று சுழற்றிக் கலக்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். சாயம் வகை ஸ்டெயின் படியாது, மரத்தின் ரேகையைத் தெளிவாகக் காட்டும், எனக்குப் பிடித்தமானது. ஆனால் வெயிலில் அது சீக்கிரம் வெளுக்கும். ஜன்னலை ஒட்டிய அலமாரிக்குத் தூள் வகைதான் போடுவேன்.

இப்போது கன்னை எடுக்கலாம். ஸ்டெயினுக்கும் டோனருக்கும் மேலே கப் இருக்கும் கன், 1.3 அல்லது 1.4 மி.மீ. துளை உள்ள நாசில் போதும். ஃபேன் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் கதவுக்கு முன் போகவே கூடாது. கன்னின் முன்மூடியான ஏர் கேப்பைத் திருப்பி, ஃபேன் படுக்கை வாக்கில் வரும்படி வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய அட்டையில் கையை அசைக்காமல், வழியும் வரை அடித்துப் பாருங்கள். வழிகிற கோடுகள் இந்த முனை முதல் அந்த முனை வரை ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்க வேண்டும். நடுவில் மட்டும் நீளமாக இறங்கினால் காற்று போதவில்லை, இல்லை மருந்து (அடிக்கும் திரவம்) அதிகம். இரண்டு ஓரமும் நீண்டு நடு குட்டையாக இருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் வளைந்து பிறை மாதிரி வந்தால் ஏர் கேப்பின் கொம்பில் இருக்கும் துளை அடைத்திருக்கிறது. தின்னரில் ஊறவைத்து, பல்குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெரிதாகி கேப் வீணாகும்.

காற்றழுத்தத்தை டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது மீட்டர் காட்டும் எண்ணும், காற்று ஓடும்போது காட்டும் எண்ணும் ஒன்றல்ல. சின்ன கம்ப்ரசர் என்றால் பாதிக் கதவு போவதற்குள் அழுத்தம் இறங்கி, ஃபேன் சுருங்கி, அந்தப் பகுதியில் நிறம் தடித்துவிடும். ஹெச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன்னில் ஏர் கேப்பில் வெளிவரும் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது, மருந்து வீணாவதும் குறைவு, ஆனால் அதற்குக் காற்றின் அளவு அதிகமாக வேண்டும். கம்ப்ரசரைப் பார்க்காமல் அந்தக் கன்னை மட்டும் வாங்கிவிட்டு, "நிறம் சரியா விழலண்ணே" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடிக்கும்போது கதவுக்கும் கன்னுக்கும் ஆறிலிருந்து எட்டு அங்குலம். கைமணிக்கட்டை விசிறி மாதிரி வீசாமல், முழுக் கையும் உடம்புமாகக் கதவுக்கு இணையாக நகர வேண்டும். மணிக்கட்டு வளைந்தால் நடுவில் பக்கமாகவும் ஓரத்தில் தூரமாகவும் போய், நடு கறுத்து ஓரம் வெளுக்கும். கதவின் ஓரத்துக்கு வெளியே டிரிக்கரை அழுத்தி, மறு ஓரம் தாண்டிய பிறகே விட வேண்டும். ஒரு இழுப்பின் பாதி மேல் அடுத்த இழுப்பு ஏற வேண்டும். டோனருக்கு நான் இழுப்புகளை இன்னும் நெருக்கமாக வைப்பேன், ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்கு ஏறும்படி, மருந்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு. ஒவ்வொரு கோட்டும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். முதல் கோட் நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று மாற்றி அடித்தால் பட்டை விழுவது மறைந்துவிடும்.

பெட்டியின் உள்மூலை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். காற்று மூலையில் மோதித் திரும்பி வந்து, நிறத்தை மூலைக்குள் இறங்கவிடாமல் சுற்றிலும் தூவிவிடும். நேராக மூலையைக் குறிவைத்தால் சுற்றுப்புறம் கறுத்து மூலை வெளிறும். அழுத்தத்தைக் குறைத்து, ஃபேனைக் குறுக்கி, ஒவ்வொரு பக்கச் சுவரையும் தனித்தனியாக மூலை வரை அடித்துவிட்டு, பிறகு நடுப்பரப்புக்கு வர வேண்டும். முடிந்தால் பின்பலகையைக் கழற்றி வைத்துத் தனியாக அடிப்பேன். ஆசாரியிடம் முன்பே சொல்லி வைத்தால் ஸ்குரூ போட்டுத் தருவார்.

ஒரு அலமாரியின் எல்லாக் கதவும், டிராயர் முகப்பும், ஒரே நாளில் ஒரே கலவையில் போக வேண்டும். கதவுகளுக்குப் பின்னால் எண் எழுதி, வீட்டில் மாட்டப்போகும் வரிசையிலேயே ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அடிப்பது என் வழக்கம். ஸ்டெயின் போட்டு சீலர் ஏறிய பிறகு, வரிசைக்கு எதிரே போய் நின்று பார்ப்பேன். மூன்றாம் எண் வெளிறியிருக்கிறது, ஐந்தாம் எண்ணின் அடிப்பகுதி கறுத்திருக்கிறது என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும். வெளிறிய கதவுக்கு டோனரில் ஒரு கோட் கூடுதலாக. கறுத்த கதவுக்கு டோனரே கிடையாது, மற்றதையெல்லாம் அதன் அருகே கொண்டுவர வேண்டும். அதனால்தான் முக்கால்வாசியில் நிறுத்தச் சொல்கிறேன். எல்லாக் கதவும் முழு நிறத்துக்குப் போய்விட்டால், கறுத்துப்போன கதவைச் சுரண்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. சாம்பிள் துண்டைவிட ஒரு படி குறைவாக இருக்கும்போதே டோனரை நிறுத்திவிட வேண்டும், டாப் கோட் அந்த ஒரு படியை ஏற்றிவிடும். டாப் கோட் எப்போதும் நிறமில்லாத வெறும் கோட்.

டின்ட் கலந்த இரண்டு கூட்டு பியூ (பாலியூரித்தேன்) பூச்சில் ஒரு எச்சரிக்கை. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த நிமிடத்திலிருந்து அது இறுகத் தொடங்கும். காலையில் கலந்தது மதியத்தில் கெட்டியாகி, ஒரு இழுப்பில் விழும் படலமும் தடித்து, நிறமும் கூடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அளவுக் கப்பில் ஊற்றி எத்தனை விநாடியில் ஒழுகி முடிகிறது என்று பார்த்து, ஒவ்வொரு கலவையும் அதே விநாடியில் வரும்படி வைத்துக்கொண்டால் நிறமும் ஒரே அளவில் விழும்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கத்திரி வெயில் நேரத்தில் மத்தியானம் அடித்தால் தின்னர் காற்றிலேயே ஆவியாகி, நிறம் தூளாகத்தான் கதவில் விழும். தடவினால் சொரசொரக்கும், பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி மங்கும். கோடையில் மெதுவாகக் காயும் தின்னர் வாங்கி, நிறம் போடும் வேலையைக் காலையில் பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் காயும்போது தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கும், காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து வெள்ளை பூக்கும். மழை அடித்துக்கொண்டிருக்கும்போது டோனர் போட்டால், அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் என்ன நிறம் இருக்கிறது என்றே தெரியாது. லேசாகப் பூத்திருந்தால், காற்று உலர்ந்த பிறகு காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லியதாக ஒரு தூவல் தூவினால் தெளிந்துவிடும். கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கும் வேலை மழைக்காலத்தில் ஒரு நாளும் தவறக் கூடாது.

ஒரு கதவு கறுத்தே போய்விட்டது, என்ன செய்வது? நிறம் படலத்தில் இருந்தால் நல்லபடியாகக் காய்ந்த பிறகு 400 உப்புத்தாளால் சீராகத் தேய்த்துக் குறைக்கலாம், ஆனால் ஓரங்களும் பீடிங் முனைகளும் முதலில் வெளுத்துவிடும், அங்கே கை மெதுவாகப் போக வேண்டும். நிறம் மரத்துக்குள் இருந்து, இன்னும் சீலர் போடாமல் இருந்தால், தின்னர் துணியால் துடைத்துப் பாதி எடுக்கலாம். சீலரும் ஏறிவிட்டது என்றால் அந்தக் கதவை முழுதாக உரித்து மறுபடி ஆரம்பிப்பதுதான் நேர்மையான வேலை. நடுவில் மட்டும் ஒட்டுப் போட்டால் அது எந்தக் காலத்திலும் தெரியும்.

பியூ அடிக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சிரைக்கும். கர்ச்சீப்பைக் கட்டிக்கொள்வதோ, துணி மாஸ்க்கோ அந்த ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் முகத்தில் இறுகப் பொருந்த வேண்டும், கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்ற வேண்டும், அறைக்குள் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். வேலை கொடுப்பவர் வாங்கித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அடிக்கும் அறையில் பீடி, சிகரெட், சுவிட்ச் பொறி எதுவும் கூடாது.

வேலை முடித்துக் கிளம்பும்போது, கலவை அளவு, உப்புத்தாள் எண், எத்தனை டோனர் கோட் என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, ஒரு டிராயரின் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டு வருகிறேன். சில வருடம் கழித்து "பக்கத்துல இன்னொரு கதவு சேர்க்கணும்" என்று கூப்பிடுவார்கள். அதற்குள் பழைய தேக்கு வெளிச்சத்தில் கனிந்து நிறம் மாறியிருக்கும். வால்நட் வெனீராக இருந்தால் முன்பைவிட வெளிறியிருக்கும். சீட்டில் இருப்பதை அப்படியே போட்டால் புதுக் கதவு தனித்துத் தெரியும். அந்தச் சீட்டிலிருந்து தொடங்கி, இப்போது இருக்கும் நிறத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சாம்பிள் போட வேண்டும். தேக்காக இருந்தால் புதுக் கதவை அரைப் படி வெளிறலாகவே விட்டுவிடுவேன். மீதியை அந்த அறையின் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, அதைச் சுவரோரமாக மாட்டித் தருவேன்.